வேலி அகத்தி

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயன் வீடுகளுக்குப் பின்னால் இருந்த பந்துத் திடலைக் கொத்திக் கீரை போடுங்கள் என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டபோது, அதற்கு ஒரு சங்கம் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கார்த்திகேசுவுக்குத் தோன்றியது. வெள்ளைக்காரன் காலத்தில் கொசு ஒழிப்பு அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். துரைமார் கப்பலேறிய பிறகு கையெழுத்துப் போட ஒரு காகிதமும் இல்லாமல் ஆளே வாடிப்போயிருந்தார். சங்கம் வந்ததும் முகத்தில் ரத்தம் ஊறியது. தலைவர் அவர், செயலாளர் அவர், தினமும் மாலையில் நடந்த கூட்டங்களில் பேச்சாளரும் அவர்தான். மண்வெட்டி பிடித்தவர்கள் எல்லாரும் உறுப்பினர்கள்.

திடலில் முளைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் கங்கோங்கும் போட்டார்கள். சுற்றிலும் வேலிக்கு அகத்தி. விளைச்சல் அதிகாரிகளின் சமையலறைக்குப் போகும், மிச்சம் லயன் ஜனங்களுக்கு என்று தலைவர் அறிவித்தார். மிச்சம் எவ்வளவு என்று கேட்கிற தைரியம் அப்போது ஒருவருக்கும் இல்லை. தாங்களே கொத்தி, தாங்களே தண்ணீர் ஊற்றிய கீரையைப் பார்த்துக்கொண்டே மரவள்ளிக்கிழங்கைத் தின்றார்கள். ஒரு இலையைக் கிள்ளினாலும் பெயர் மேலே போகும் என்று தலைவர் சொல்லியிருந்தார்.

நாற்பத்து நான்காம் வருஷத் தொடக்கத்தில் அதிகாரி தோட்டம் பார்க்க வந்தான். கார்த்திகேசு கோட்டும் டையும் கட்டி, மனப்பாடம் செய்த ஜப்பான் வரவேற்புரையைச் சொல்ல ஆரம்பித்தார். அதிகாரி கேட்கவில்லை. குனிந்து ஒரு முளைக்கீரையைப் பிடுங்கி, இலையை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். இலை சல்லடையாக இருந்தது. ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தான், பிறகு கார்த்திகேசுவைப் பார்த்தான். கன்னத்தில் ஒன்று விட்டான். கோபத்தில் அடித்த மாதிரிகூடத் தெரியவில்லை, பழக்கத்தில் அடித்தது. வரவேற்புரை பாதியில் நின்றது.

கார்த்திகேசுவை யாராவது ஒரு நாள் இப்படிச் செய்ய மாட்டார்களா என்று லயனில் பாதிப் பேர் ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவர் தம் வீட்டுக் கட்டிலடியிலிருந்து ஒரு தகர டின்னை இழுத்தார். அலுவலகம் மூடின நாளில் எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவந்தது. குளம் குட்டைகளில் தூவிக் கொசுக்குஞ்சைக் கொல்லுகிற பாஷாணம். பார்க்க அழகான பச்சைத் தூள். பயிருக்குப் போடுவதானால் சுண்ணாம்பு கலந்து போடவேண்டும், இல்லாவிட்டால் இலையைச் சுட்டுவிடும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பாடத்தைப் பதினைந்து வருஷமாக மற்றவர்களுக்கு எழுதி அனுப்பியவரே அவர்தான். ஆனால் சுண்ணாம்பு கலந்தால் இலையில் வெள்ளை படியும். அதிகாரி அதற்கும் அடிப்பான். ஆகவே வெறும் தூளையே ஒரு பழைய காலுறைக்குள் கொட்டி, நீளக் கம்பில் கட்டி, மூக்கில் கைக்குட்டையோடு பாத்தி பாத்தியாக உதறிக்கொண்டு போனார். அகத்தியிலிருந்துதான் புழு இறங்குகிறது என்று வேலிக்கும் உதறினார்.

புழுக்கள் செத்தன. தலைவர் வெற்றிக் கூட்டம் ஒன்று நடத்தினார். கூட்டம் முடிந்த சில நாளில் கீரை இலைகளின் ஓரம் இஸ்திரிப்பெட்டி பட்டதுபோலப் பழுத்துக் கருகியது. நடுநரம்பு ஓரம் மட்டும் பச்சை மிஞ்சியது. தளிர்கள் விரியாமல் நகம்போலச் சுருண்டன. வெயில் என்றார். அப்புறம் விதை சரியில்லை என்றார். அப்புறம் ஜனங்களின் கண் என்றார். கடைசியில், பூச்சி இன்னும் மிச்சமிருக்கிறது என்று முடிவு செய்து இன்னொரு தடவை உதறினார். பழைய செடியைப் பிடுங்கிவிட்டுப் புது விதை தூவினார்கள். அது முளைத்து, இரண்டு இலை விட்டு, யோசித்து, அப்படியே நின்றுவிட்டது. மண்ணுக்குள்ளும் மருந்து இறங்கியிருந்தது. மழை பெய்து தூளைக் கழுவினால் அன்று மாலையே காலுறை திரும்பக் கம்பில் ஏறும்.

வேலி அகத்தி மட்டும் தாங்கியது. அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தாலும் மேலே செழிப்பாகவே நின்றது. தூளும் பச்சை, இலையும் பச்சை. பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வேலியை ஒட்டின வீட்டில்தான் புஷ்பவல்லி இருந்தாள். புருஷன் ராதாகிருஷ்ணன் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். நாற்பத்து மூன்றில் மூன்று மாத வேலை என்று சொல்லி சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் ஒரு வருஷமானது. மடியில் தங்கமணி என்று ஒரு பெண் குழந்தை, இரண்டு வயது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பெரிது. அது உயிரோடு இருந்ததற்குக் காரணம் அடுத்த வீட்டு வீரம்மா. வீரம்மாவிடம் சிவப்பி என்று ஒரு மாடு இருந்தது. லாலான் புல்லைத் தின்று அது கொடுத்த கொஞ்சப் பாலை விற்றுத்தான் அவள் பிழைத்தாள். விற்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் புஷ்பவல்லி வீட்டுக்கு வந்துவிடும். யாரும் கேட்டதில்லை, யாரும் நன்றி சொன்னதுமில்லை.

சயாமில் ஆட்களுக்குச் சமைக்கப் போயிருந்த டீக்கடை மூசா அந்த வருஷம் திரும்பி வந்தார். ஒரு காலில் எலும்பு தெரியப் புண். புஷ்பவல்லி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள்.

"பார்த்தேன் தங்கச்சி," என்றார் மூசா. "வாந்திபேதின்னு கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் நான் பார்க்கலை."

"கொட்டகையிலேருந்து திரும்பி வந்தவங்க இருக்காங்களாண்ணே?"

மூசா புண்ணில் உட்கார வந்த ஈயை ஓட்டினார்.

செமினி தோட்டத்திலிருந்து அவள் அண்ணன் இராமலிங்கம் சொல்லி அனுப்பினான். அங்கே கிழங்கு இருக்கிறது, கோழி இருக்கிறது, ஆட்டுப்பால் இருக்கிறது, குழந்தையோடு வந்துவிடு. புஷ்பவல்லி முடிவு சொல்லவில்லை. புருஷன் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் கதவைப் பூட்டிக்கொண்டு போக அவளுக்குக் கால் வரவில்லை.

இதற்கும் தலைவர் ஒரு தீர்மானம் வைத்திருந்தார். அடுத்தவர் துக்கத்துக்கும் தலைமை தாங்காமல் அவரால் இருக்க முடியாது. ஆடி அமாவாசை வருகிறது, செத்தவர்களை நினைத்து மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுத்தால் அது அவர்களுக்குப் போய்ச் சேரும், ராதாகிருஷ்ணனுக்கு அதைச் செய்துவிட்டு மனசைத் தேற்றிக்கொண்டு அண்ணனிடம் போகவேண்டும் என்று விளக்கினார். கொடுக்க ஆளில்லாவிட்டால் செத்தவர்கள் பசியோடு அலைவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைசி வார்த்தையில்தான் புஷ்பவல்லி தலையாட்டினாள். அவர் பசி தாங்கமாட்டார் என்று வீரம்மாவிடம் சொன்னாள்.

"வேலியில எவ்வளவு வேணுமெண்டாலும் ஒடியுங்கோ, பிள்ளை," என்றார் தலைவர். சங்கத்தின் சொத்தைத் தானம் கொடுப்பதில் அவருக்கு ஒரு நிறைவு.

அமாவாசைக்கு முந்தின நாள் மழை கொட்டியது. மாலையில் மழை விட்டதும், வழக்கப்படி, காலுறையைக் கம்பில் கட்டி வேலி நெடுக உதறிவிட்டுப் போனார். ஒடிக்கச் சொன்னவரும் அவர்தான், உதறினவரும் அவர்தான். இரண்டும் ஒரு தலைக்குள் இருந்தும் சந்தித்துக்கொள்ளவில்லை. பூச்சிமருந்து அவருக்கு அதிகாரி சம்பந்தப்பட்ட விஷயம். அமாவாசை சாமி சம்பந்தப்பட்டது. தனித்தனி இலாகா.

காலையில் புஷ்பவல்லி குளித்து, பட்டினியோடு, ஒரு பெரிய கட்டு ஒடித்து வந்து சிவப்பிக்கு வைத்தாள். வெறும் லாலானைத் தின்று அலுத்த மாடு, கட்டின நாரைக்கூட விடாமல் தின்றது. அது தின்னத் தின்ன அவள் அழுதாள். ஒரு வருஷமாக அழாத அழுகை. வீரம்மா தடுக்கவில்லை. அழட்டும், அழுதால்தான் செமினிக்குப் போவாள் என்று நினைத்தாள். அன்றைக்கே அண்ணனுக்கு ஆள் அனுப்பி, வரச்சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் மாடு பல்லை நறநறவென்று கடித்தது. வாயில் நுரை. காலால் வயிற்றை உதைத்துக்கொண்டது. தண்ணீராகக் கழிந்தது. விடிந்தபோது செத்துக்கிடந்தது.

செய்தி லயன் முழுக்கப் பரவி, கத்தியும் குண்டானுமாக ஆட்கள் வந்துவிட்டார்கள். மாட்டிறைச்சி தின்னாதவர்கள்தான் பெரும்பாலும். ஆனால் இரண்டரை வருஷமாகக் கிழங்கு மட்டும் தின்ற வாய்க்கு அதெல்லாம் மறந்துபோயிருந்தது. மூசா தள்ளி நின்றார். அறுக்காமல் செத்ததைத் தாம் தொடமுடியாது என்றார், மற்றவர்களைத் தடுக்கவில்லை. வீரம்மா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது கார்த்திகேசு வந்தார். முதல் தடவையாகக் கோட்டில்லாமல், சாரமும் பனியனுமாக. நுரையைப் பார்த்தார். பக்கத்தில் சிதறிக்கிடந்த அகத்திக் காம்பைப் பார்த்தார். தனித்தனி இலாகா இரண்டும் அந்த இடத்தில் ஒன்றாயின.

"தொடாதேங்கோ," என்றார்.

"ஏன் தலைவரே, இதையும் அதிகாரி வீட்டுச் சமையலுக்கு அனுப்பணுமா?" என்று கத்தி வைத்திருந்தவன் கேட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சொல்லவேண்டியது ஒரே வார்த்தை, மருந்து. ஆனால் அந்த வார்த்தை அங்கேயே நிற்காது. அதிகாரிகளுக்குப் போகவேண்டிய தோட்டத்தில் விஷம் என்று ரோட்டுக்குப் போகும், ரோட்டிலிருந்து ஜப்பான் ராணுவப் போலீசான கெம்பெத்தாயின் காதுக்குப் போகும். இதைவிடச் சின்ன விஷயங்களுக்குத் தலை போனவர்களை எல்லாருக்கும் தெரியும். போவது ஒரு தலையாகவும் இருக்காது. சொல்லாமல் விட்டாலோ, இத்தனை பேரும் அந்த இறைச்சியைத் தின்பார்கள். கார்த்திகேசுவின் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"உயிரோட இருக்கிறவருக்குச் செத்தவர் எண்டு படைச்சிட்டம். அதை வாங்கின மாடு செத்துப்போச்சு. இந்த இறைச்சியைத் தொட்டவன் வீடு விளங்காது. ஆழமாத் தோண்டிப் புதையுங்கோ."

எப்போதும் அரைமணி நேரம் பேசுகிறவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதாலேயே ஜனங்கள் நம்பினார்கள். கத்திகள் இறங்கின. அவரால் அன்று காப்பாற்றப்பட்டவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. அது உண்மை. அதை மறைக்க நியாயமில்லை.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து புஷ்பவல்லி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"உயிரோடவா இருக்காரு?" என்று கேட்டாள்.

கார்த்திகேசு அவளைப் பார்க்கவில்லை. குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டு, ஆமென்று தலையாட்டிச் சொன்னார்:

"ஓம், பிள்ளை."

மாட்டைப் புதைத்துவிட்டு வீரம்மா நேராக அவர் வீட்டுக்குப் போனாள். மாடு வளர்த்தவளுக்கு விஷம் தின்ற மாடு தெரியாதா? அவர் மறைக்கவில்லை. டின்னைக் காட்டினார். வெளியே தெரிந்தால் லயனையே வாரிக்கொண்டு போவார்கள் என்றார்.

"என் மாடு போகட்டும்," என்றாள் வீரம்மா. "அந்தப் பொண்ணுக்கிட்ட என்னய்யா சொல்லி வச்சிருக்கீங்க?"

கொஞ்சம் அடங்கட்டும், நானே சொல்லுகிறேன் என்றார். வீரம்மா திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அடுத்த வீட்டில் புஷ்பவல்லி பாடிக்கொண்டே வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். வீரம்மாவுக்கும் ஒரு கழுத்துதான் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

இராமலிங்கம் பாஸ் வாங்கி, லோரியில் இடம் பிடித்து வந்து சேர்ந்தான். புஷ்பவல்லி மூட்டை கட்டியிருக்கவில்லை.

"அவரு வந்தா இங்கதானேண்ணே வருவாரு. கதவு பூட்டியிருந்தா எங்க போவாரு?"

அண்ணன் கெஞ்சினான், கோபித்தான், கடைசியில் குழந்தையின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாப்பாவையாவது குடும்மா, நான் தேத்தி வச்சிருக்கேன்," என்றான்.

"அவரு வந்து பாப்பா எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

கொண்டுவந்த கிழங்கை இறக்கி வைத்துவிட்டு அவன் தனியாகப் போனான். லோரி திரும்பும் வரை வீரம்மா வாசலில் நின்றாள். தெருமுனையில் காவல் சிப்பாய்களும் நின்றார்கள்.

பால் நின்ற பிறகு தங்கமணி கிழங்குக் கஞ்சியைத் துப்பியது. வீரம்மா தெருத்தெருவாக அலைந்து வாங்கி வந்த தேங்காய்ப்பால் வயிற்றில் தங்கவில்லை. முகம் உப்பி, கண் இடுங்கி, கார்த்திகை மழையில் காய்ச்சல் கண்டது. டம்ளரைக் காட்டினால் சிரிக்கும், உள்ளே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு மத்தியானம் புஷ்பவல்லி மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். வீரம்மா வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தும்வரை தட்டிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகேசு அடக்கத்துக்கு வந்தார். பேசவில்லை. அதற்கப்புறம் மாலைக் கூட்டங்களும் நடக்கவில்லை. டின்னை எங்கோ ஆழமாகப் புதைத்துவிட்டார் என்றார்கள். அடித்துவிட்டுப் போன அந்த அதிகாரி திரும்ப வரவே இல்லை. தோட்டம் பார்க்க வந்த மறுமாதமே அவனை ஜொகூருக்கு மாற்றிவிட்டார்கள். அவனுக்காகப் பாதுகாத்த கீரையை மனிதர் எவரும் தின்னவில்லை.

ஜப்பான்காரன் சரணடைந்து, சயாமிலிருந்து ரயில்கள் வர ஆரம்பித்தன. புஷ்பவல்லியின் கால்கள் பெரிபெரியில் வீங்கியிருந்தன. இருந்தாலும் ஒவ்வொரு ரயிலுக்கும் வீரம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். ஒரு நாள் கன்னையா இறங்கினான். ராதாகிருஷ்ணனோடு ஒரே குழுவில் வேலை செய்தவன். அவளைக் கண்டதும் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். மூசா சொன்ன அந்தக் கொட்டகைதான். தூக்கிப்போன மறுநாளே. மண் தள்ளினது தன் கைதான் என்றான்.

அன்று சாயங்காலம் கார்த்திகேசு கோட்டும் டையுமாக வந்தார். நின்றபடியே தொண்டையைச் செருமி, இக்கட்டான ஒரு காலகட்டத்தில், சூழ்நிலையின் நிர்ப்பந்தத்தால், என்று தொடங்கினார்.

"மேடை இல்லைங்க இது," என்றாள் வீரம்மா. "உக்காந்து சொல்லுங்க."

தரையில் உட்கார்ந்தார். டை மடியில் மடிந்து விழுந்தது.

"மாட்டைக் கொன்றது மருந்துதான், பிள்ளை. நான்தான் அடிச்சனான். அவர் உயிரோட இருக்கிறார் எண்டு நான் சொன்னது பொய்."

வீரம்மா முகத்தை மூடிக்கொண்டாள். தனக்கும் தெரியும் என்று அவள் விரல்களுக்குள்ளிருந்து சொன்னது கேட்டது. இரண்டு பேரும் புஷ்பவல்லி கத்துவாள், அடிப்பாள், குழந்தையின் பெயரைச் சொல்லிக் கேட்பாள் என்று காத்திருந்தார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அப்ப, அன்னைக்குக் கொடுத்தது வெறும் விஷம், அவருக்குப் போய்ச் சேரலை," என்றாள். "இத்தனை நாளும் பட்டினியாத்தான் இருந்திருக்காரு."

பிறகு கேட்டாள்:

"மருந்து அடிக்காத கீரை எங்கய்யா கிடைக்கும்?"

கார்த்திகேசு எழுந்து போனார். மறுநாளிலிருந்து, டயருக்குப் பதில் ரப்பர்க் குழாய் சுற்றின சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடு வீடாக, கம்பம் எனும் மலாய்க் கிராமங்களுக்கும் போய், உங்கள் அகத்திக்கு எப்போதாவது மருந்து போட்டீர்களா என்று கேட்டார். உத்தரவு போட்ட குரலில் கேட்கத் தெரியவில்லை. திக்கினார். சுங்கை பூலோ பக்கம் ஒரு கம்பத்தில், மருந்து என்றால் என்னவென்றே தெரியாத ஒரு மலாய்க்காரர் வீட்டில் கிடைத்தது.

தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை. வீரம்மா அடுத்த தெருப் பால்காரரின் மாட்டைக் கேட்டு ஓட்டி வந்தாள். அவளே கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு, மாட்டைக் கீரைக்கு எட்டாமல் நிறுத்தினாள். கார்த்திகேசு புரிந்துகொண்டார். கட்டிலிருந்து ஒரு கொத்தை உருவி, பச்சையாக வாயில் போட்டு மென்றார். அகத்தியின் கசப்பில் கண் கலங்கியது. விழுங்கிவிட்டு இன்னொரு கொத்தை எடுத்தார். யாரும் போதும் என்று சொல்லவில்லை. மாமர நிழல் வாசலுக்கு வரும்வரை எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருவில் இராமலிங்கம் கொண்டுவந்த லோரி நின்றது. மூட்டை அதில் ஏறிவிட்டது.

வீரம்மா கயிற்றைத் தளர்த்தினாள். புஷ்பவல்லி கட்டை இரண்டு கையாலும் ஏந்தி நின்றாள். மாடு கடைசி இலை வரை தின்றது. அவள் அழவில்லை. முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள், குங்குமம் துணியில் வந்துவிட்டது.

கார்த்திகேசு சைக்கிளிலிருந்து இன்னொரு சின்னக் கட்டை எடுத்து வந்தார். "பிள்ளைக்கும் எண்டு..." என்று நீட்டினார்.

புஷ்பவல்லி அதைப் பார்த்தாள்.

"பாப்பா கீரை தின்ன மாட்டாங்கய்யா," என்றாள். "பாலுதான் கேப்பா."

வீரம்மா கைத்தாங்கலாகப் பிடித்து அவளை லோரியில் ஏற்றினாள். லோரி போய்விட்டது. நீட்டின கையை மடக்கத் தெரியாமல் அவர் நின்றார். மாடு கழுத்தை நீட்டி அந்தக் கட்டையும் இழுத்துத் தின்னத் தொடங்கியது.